குன்வோர் ஹெஸ்ட்னஸ் போட்டுக்கொண்ட வேஷம்

மேடையில் வீற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, மாணவர் நலத்துறை இயக்குநர் எய்வின் ஸ்குல்ஸ்டா அவர்களே, மாணவர் ஒன்றியத்தினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குன்வோரின் தம்பி ஓட்வார் அவர்களே, இந்த விளையாட்டுக் கூடத்தை நிறைத்திருக்கும் மாணவர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைபேசிகளைப் பைக்குள் வையுங்கள். இன்றைக்காவது வையுங்கள்.

நான் ஸ்டைனார், நீச்சல் குளத்தின் பொறுப்பாளன். மாணவர் விளையாட்டு, உடல்நலம், பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் தலைவராக இருந்த குன்வோர் ஹெஸ்ட்னஸ் அவர்களோடு ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். எனக்கு முன் பேசியவர்கள் அவரை அன்பின் வடிவம் என்றார்கள். புன்னகையின் மறுபெயர் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. குன்வோர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அவர் கத்துவார், திட்டுவார். அவர் திட்டியதால்தான் இந்தக் கூடத்தில் பலர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறீர்கள்!

அவர் நடத்திய தண்ணீர்ப் பயிற்சி மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாய்ச் சேர்ந்த ஒவ்வொருவரும் உடுத்திய துணியோடு படகுத்துறையிலிருந்து, மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் இந்த ஃபியோர்டின் கடல்நீரில் குதிக்க வேண்டும். ஏன்? குளிர்ந்த கடலில் விழுகிறவன் நீச்சல் தெரியாததால் மட்டும் சாவதில்லை. விழுந்ததும் உடம்பு அதிர்ந்து, பதறி, தண்ணீரையே மூச்சாக இழுத்துச் சாகிறான். "நீந்தாத! மல்லாந்து மித! மொதல்ல மூச்சு, அப்புறம் அழு!" என்ற அந்தக் குரல் எதிர்க்கரை வரை கேட்கும்.

ஒருமுறை நெட்டையான ஒரு பையன் குதிக்க மாட்டேன் என்றான். "எங்கப்பா யாரு தெரியுமா? பெரிய வக்கீல்."

"ரொம்ப சந்தோஷம். அவர் வந்து தண்ணிகிட்ட வாதாடட்டும். நீ குதி."

குதித்தான். மேலே வந்து அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். "திட்டுறதுக்கு மூச்சு இருக்குல்ல? போய்த் துணி மாத்து" என்றார்.

புதன்கிழமைகளில் மாணவர் விடுதியில் மூடிக் கிடக்கும் கதவுகளைத் தேடிப் போய்த் தட்டுவார். கையில் மீன் சூப் பாத்திரம் இருக்கும். குளிர்காலத்தின் இருட்டில் வாரக் கணக்கில் வெளியே வராத ஒரு பெண்ணின் கதவைத் தட்டியபோது நானும் உடன் இருந்தேன்.

"யாரு?"

"குன்வோர். சூப் ஆறுது."

"எனக்கு யாரையும் பாக்கப் பிடிக்கல."

"எனக்கும்தான் பிடிக்கல. அதான் இங்க வந்தேன். கதவத் தொற."

கதவு திறந்தது. அந்தப் பெண் இன்று தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இதே கூடத்தில் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். குன்வோரும் யாரிடமும் சொன்னதில்லை.

இத்தகைய பெண்மணியை நாம் என்ன செய்தோம்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சொல்லலாமா என்று ஓட்வாரிடம் கேட்டேன். "சொல்லு. பூசி மெழுகாத" என்றார்.

புகார் வந்தது. குன்வோர் கத்துகிறார், தண்ணீர் குளிராக இருக்கிறது, மாணவர் மனம் புண்படுகிறது என்றது புகார். ஃபியோர்டின் தண்ணீர் குளிராக இருக்கிறதாம்! இயக்குநர் அவர்களே, அதை நீங்கள் கடலுக்கல்லவா அனுப்பியிருக்க வேண்டும்? மாறாகப் பயிற்சியை நிறுத்தினீர்கள். இசையோடு கூடிய ஒரு காணொளியை எடுத்து, அதைப் பார்த்தால் போதும் என்றீர்கள். புதுமுக வாரத்துக்கு மகிழ்ச்சி வாரம் என்று பெயர் வைத்தீர்கள். படகுத்துறைக் கம்பத்தில் தொங்கிய மிதவை வளையத்தையும் கயிற்றையும் கழற்றிவிட்டு வரவேற்புப் பதாகை கட்டினீர்கள். படத்தில் அந்த வளையம் அசிங்கமாக விழுகிறது என்பது காரணம். குன்வோர் கேட்டபோது, "ஒரு வாரந்தானே, அப்புறம் மாட்டிக்கலாம்" என்றீர்கள்.

பிறகு எங்கள் அறைக்கு வந்தீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். நம் பல்கலைக்கழகத்தின் சின்னமான கடல்நாயின் வேஷத்தைக் கையில் வைத்திருந்தீர்கள்.

"குன்வோர், இந்த வாரம் இத நீங்க போட்டுக்கணும். உங்களப் பாத்தாலே பசங்க பயப்படுறாங்க. கொஞ்சம் அன்பாத் தெரியணுமில்ல?"

"மூஞ்சிய மூடிட்டா அன்பாத் தெரிவேனா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாம் ஒரு ஜாலிக்குத்தான்."

நீங்கள் போன பிறகு எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இதத் தூக்கி அவன் மூஞ்சில எறியாம ஏன் வாங்கி வச்சீங்க?" என்று கேட்டேன். அவர் அந்த ரோமத் தோலை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டைனார், எனக்கு இந்த வாரம் படகுத்துறையில வேலை இல்லன்னுட்டாங்க. இதப் போட்டா தண்ணி ஓரமா நிக்கலாம். யாராச்சும் ஒருத்தர் நிக்கணும்ல?"

கேட்டீர்களா? உங்களைச் சிரிக்க வைக்க அவர் அந்த வேஷத்தைப் போடவில்லை. உங்கள் மேல் ஒரு கண் வைப்பதற்காக, தன் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் நுழைந்தார்!

அந்த மகிழ்ச்சி வாரத்தில் ஒரு மத்தியானம் படகுத்துறையில் பாட்டும் பீரும் தண்ணீரில் பாயும் போட்டியுமாக இருந்தது. யோஸ்டைன் என்ற புதுமுக மாணவன் மலைப்பக்கத்துக்காரன், கடலில் கால் நனைத்துப் பழகாதவன். நண்பர்கள் "பயந்தாங்கொள்ளி" என்றார்கள். குதித்தான். ஒருமுறை மேலே வந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அதன் பொருள் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் கடல்நாய்த் தலைக்குள் இருந்தார்.

அந்த வேஷத்தின் ஜிப் முதுகில் இருக்கிறது. அடுத்தவர் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் நின்றவளிடம் முதுகைக் காட்டிக் கத்தினார். அவள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். அவர் அவளை உதறிவிட்டு அப்படியே குதித்தார்.

இனி நடந்தது உங்கள் காணொளிகளில் இருக்கிறது. ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன். கடல்நாய்த் தலை கழன்று மிதக்கிறது. நரைத்த முடியோடு குன்வோரின் முகம் தெரிகிறது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. "ஏய், இந்த வருஷம் ஷோ சூப்பர்டா!" "பாட்டிக்கு நீச்சல் சொல்லிக் குடுங்கப்பா!" அவர் யோஸ்டைனைப் பிடித்து மல்லாக்கப் புரட்டுகிறார். "நீந்தாத! மூச்சு!" என்கிறார். ஏணி வரைக்கும் தள்ளிக்கொண்டு வருகிறார். அவன் கை கம்பியைப் பிடிக்கிறது. அதற்குள் வேஷத்தின் ரோமமெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டது. அவரால் கையைத் தூக்க முடியவில்லை. "கயிறு!" என்கிறார். "கயிறு!"

நீங்கள் என்ன செய்தீர்கள்? கை தட்டிக்கொண்டு "கயிறு! கயிறு!" என்று கூடவே பாடினீர்கள்! அவர் முகம் தண்ணீருக்குள் போன பிறகும் அந்தப் பாட்டு நிற்கவில்லை.

பக்கத்துத் துறையில் வலை அலசிக்கொண்டிருந்த மீனவர்கள் படகில் வந்து தூக்கினார்கள். கத்தியால் தோலைக் கிழித்தார்கள். தண்ணீர் கொட்டியது. பிறகு அதற்குள்ளிருந்து உயிரில்லாத குன்வோர் சரிந்தார்.

மறுநாள் பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை விட்டது. "வாழ்ந்தபடியே, மகிழ்ச்சியைப் பரப்பியபடியே விடைபெற்றார்" என்றது. பொய்! அவர் மகிழ்ச்சியைப் பரப்பிக்கொண்டு சாகவில்லை. உதவி கேட்டுக் கேட்டு, கேலிக்கு நடுவில் செத்தார்.

அதோடு விட்டீர்களா? நேற்று ஓட்வாரைக் கூப்பிட்டு, படகுத்துறையில் வெண்கலக் கடல்நாய்ச் சிலை ஒன்று வைக்கலாமா என்று கேட்டீர்கள். அவர் கடலோடி, அதிகம் பேசாதவர். "எங்கக்காவக் கொன்னதுக்கே செல வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மாணவர்களே, உங்கள் கொடுமை இன்னும் முடியவில்லை. "உன்னாலதான் அந்தம்மா போச்சு" என்று யோஸ்டைனுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். கூடப் பாடியவர்களே அனுப்புகிறீர்கள்! அவன் முந்தாநாள் என் குளத்துக்கு வந்தான். விளிம்பில் உட்கார்ந்தான். கால் நனைந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"என்னைய எதுக்குக் காப்பாத்தினாங்க? என் பேரு கூட அவங்களுக்குத் தெரியாது" என்றான்.

அவனைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சிருந்தா பேரச் சொல்லித் திட்டியிருப்பாங்க" என்றேன். அழுதான். "நாளைக்கும் வரலாமா?" என்று கேட்டான். வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவனைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதுகிறவன் என் குளத்துப் படியை மிதிக்க வேண்டாம்.

பெரியோர்களே, குன்வோர் ஹெஸ்ட்னஸ் அவர்களுக்குச் சிலை வேண்டாம். அவர் பெயரில் விருதும் வேண்டாம். அவர் செய்த வேலை வேண்டும். அதை நான் செய்வேன். அடுத்த புதன்கிழமை விடுதிக் கதவுகளைத் தட்டப் போகிறேன். எனக்குச் சூப் வைக்கத் தெரியாது, சகித்துக்கொள்ளுங்கள். வளையமும் கயிறும் இன்று காலையே கம்பத்துக்குத் திரும்பிவிட்டன. பதாகையை நான்தான் கிழித்தேன், தண்டனை இருந்தால் தாருங்கள். தண்ணீர்ப் பயிற்சி சனிக்கிழமை தொடங்குகிறது. மாணவர்கள் குதிப்பதற்கு முன் மேடையில் இருப்பவர்கள் குதிக்க வேண்டும்.

இயக்குநர் ஸ்குல்ஸ்டா அவர்களே, முதல் ஆள் நீங்கள். இப்போது போட்டிருக்கும் இந்தக் கோட்டோடு, இந்தக் காலணியோடு வாருங்கள். தண்ணீர் குளிராகத்தான் இருக்கும். நான் கத்துவேன். வருகிறீர்களா?

தலையை ஆட்டினால் போதாது, ஐயா. எழுந்து வந்து இந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். ஓட்வாருக்கு ஒரு காது மந்தம்.