மூன்று பெட்டிகளும் ஒரு கழுத்தும்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, அலுவலகத்துக்கு ஆணிவேராக விளங்கும் மூத்தோரே, வீட்டையும் வேலையையும் சேர்த்தே சுமக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைத்தும் நேராக உட்காரத் தெரியாத நண்பர்களே, வணக்கம்!

கடைசி வரிசையில் கைதட்டும் தம்பி, தட்டுவது அப்புறம். முதலில் முதுகை நிமிர்த்து!

நம் டைப்பிஸ்ட் அம்மாவை அறியாதவர் உண்டா? ஓராண்டாகத் தாடையைத் தூக்கி, தலையை அண்ணாந்துதான் கணினியைப் பார்த்தார். நாம் என்ன சொன்னோம்? திமிர் என்றோம். தலைக்கனம் என்றோம். "கம்ப்யூட்டரைக்கூட மதிக்க மாட்டாங்க" என்று தேநீர் நேரத்தில் சிரித்தோம். ஆகா, என்னே நம் அறிவு! அவர் மூக்குக்கண்ணாடியைக் கண்டோம், அதற்குப் பின்னால் இரண்டு கண்கள் தவிப்பதைக் கண்டோமா?

மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு என்று அமைந்த கண்ணாடி ஐயா அது! திரை உயரத்தில் இருந்தால், கீழ்ப்பாதி வழியாகப் படிக்கக் கழுத்தைப் பின்னால் மடக்கித்தான் ஆகவேண்டும். தினமும் எட்டு மணி நேரம்! கழுத்தில் தொடங்கிய வலி தோளில் இறங்கியது, விரல்கள் மரத்துப்போயின. தைலம் தடவச் சொன்னவர் உண்டு. தலையணையை மாற்றச் சொன்னவர் உண்டு. திரையைத் தாழ்த்தச் சொன்ன புண்ணியவான் உண்டா?

போன மாதம் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். "இருபது வருஷமா டைப் அடிச்ச கை சார். இப்ப பேனாகூட நிக்க மாட்டேங்குது" என்று அழுதார். யாருக்கோ கண்ணாடி கொடுக்க வந்திருந்த கண்ணாடிக் கடைக்காரர் அம்மாவின் மேசையை எட்டிப் பார்த்தார்.

"திரைக்கு அடியில மூணு பெட்டி அடுக்கியிருக்கே, எந்த அறிவாளி வேலை இது? முதல்ல எடுங்க!"

என்ன, சிரிக்கிறீர்களா? யார் அது என்கிறீர்களா? திரை கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும் என்று எங்கோ அரைப்பக்கம் படித்துவிட்டு, ஆள் பார்க்காமல், கண்ணாடி பார்க்காமல், எல்லா மேசையிலும் பெட்டி அடுக்கிய அந்த மேதை நான்தான்! அவரைப் பற்றிய ஆண்டறிக்கையில் 'பணிவு போதாது' என்று எழுதிய மகானும் நான்தான்!

பெட்டிகளை எடுத்தோம். தாடை தானாக இறங்கியது. வலியும் மெல்லக் குறைகிறது. கடிதம் மட்டும் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா, எல்லோர் முன்னாலும் கேட்கிறேன், இதைக் கிழித்துவிடலாமா?

"முதல்ல அந்த அறிக்கையைக் கிழிங்க சார்!"

கேட்டீர்களா? கிழிக்கிறேன் அம்மா, நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. பணிவு போதாதவன் தலை குனிந்து கும்பிடுகிறேன், வணக்கம்!