விழாவுக்குப் போட்டு வாறன்

உதோ பிள்ளை? உது கடதாசிப் பூ. யப்பானிலை இப்பிடித்தான் மடிப்பினமாம். வாசல்லை நிண்ட பெட்டையள் வாறவை எல்லாருக்கும் குத்திவிட்டவை. ஓமோம், உந்தக் கல்லூரியிலைதான். உலகக் கலாசார விழாவாம். என்ரை மகள் கஜந்தினி அங்கை தையலும் உடுப்பு வடிவமைப்பும் படிக்கிறாள். இல்லை, முடியேல்லை, இன்னும் நடக்குது. நான்தான் இடையிலை எழும்பி வந்திட்டன். தலையிடி எண்டு வையுங்கோவன். டிரைவர் தேத்தண்ணி குடிக்கப் போட்டார், பஸ் இப்போதைக்கு வெளிக்கிடாது. இருங்கோ, பையை மடியிலை வைக்கிறன்.

விழா நல்ல வடிவு, குறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு வகுப்பும் ஒவ்வொரு நாடாம். ஒரு மூலையிலை மெக்சிக்கோ, மற்ற மூலையிலை நைசீரியா. பெடியள் பெயின்ற் வாளியளைக் கவிட்டு வைச்சு ஆபிரிக்க மேளம் எண்டு அடிச்சாங்கள், மண்டபமே அதிர்ந்துது. பேந்து பைலா. அதுக்கு வாத்திமாரும் இறங்கி ஆடிச்சினம். நானும் சிரிச்சனான் பிள்ளை, சிரிக்கேல்லை எண்டு சொல்லமாட்டன்.

கஜந்தினி எனக்கு முன்வரிசையிலை கதிரை பிடிச்சு வைச்சவள். அங்கை போய் இருங்கோ அம்மா எண்டு சொல்லிப்போட்டு மேடைப் பக்கம் ஓடிட்டாள். நான் போகேல்லை. பின்னுக்கு, கதவடியிலை இருந்திட்டன். ஏனோ? நாங்கள் கீரிமலைப் பக்கம், கடற்கரை ஆக்கள். அவர் கடலுக்குப் போறவர், நான் கருவாடு போடுறனான். தேசிக்காய் தேய்ச்சுக் கைகழுவிப்போட்டுத்தான் வெளிக்கிட்டது, எண்டாலும் வழி முழுக்க விரலை மோந்து மோந்து பாத்துக்கொண்டு வந்தனான். முன்வரிசையிலை எல்லாம் பட்டுச் சீலையும் சங்கிலியும்.

எனக்குப் பக்கத்திலை ஞானாம்பிகை எண்டு ஒரு மனிசி. வாளி அடிச்ச பெடியளிலை ஒருத்தன் அவவின்ரை மகன். தங்கமான மனிசி பிள்ளை. கொண்டுவந்த ரோல்சிலை ஒண்டை, நான் வேண்டாம் எண்ணவும் விடாமல், கையிலை வைச்சவ. பேந்து கதையோடை கதையாய், உங்கடை அவர் என்ன செய்யிறார் எண்டு கேட்டா. நான் வெங்காயத் தோட்டம் எண்டன்.

அப்பிடித்தான் வாயிலை வந்துது. அவ மூக்கைச் சுளிக்கவுமில்லை, என்ரை கையைப் பாக்கவுமில்லை. நானாய்த்தான் சொன்னனான். மனிசிக்குச் சந்தோசம். நாங்களும் வெங்காயம்தான், உங்களுக்கும் இந்தமுறை நோய் விழுந்ததோ எண்டா. விழுந்தது எண்டன். என்ன நோய் எண்டா. நான் ரோல்சை வாய்க்குள்ளை திணிச்சுக்கொண்டு இருந்திட்டன். சிரியுங்கோ, சிரியுங்கோ. எனக்கும் வேறை ஆரும் சொன்னால் சிரிப்பு வரும்.

அதுக்குப் பிறகுதான் மகளின்ரை முறை வந்தது. கடல் வழிய பாடுற பாட்டுகள் எண்டு அவளும் கூட்டாளியளும். யப்பான், பிரேசில், அயர்லாந்து எண்டு என்னென்னவோ பாடிச்சினம். கடைசியிலை அவள் மட்டும் முன்னுக்கு வந்து நிண்டாள். இது எங்கடை ஊர் அம்பா, கரைவலை இழுக்கேக்கை எல்லாரும் சேந்து பாடுறது எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கினாள்.

அது என்னைப் பெத்த ஐயா பாடினது பிள்ளை. நான் கருவாடு காயப்போடேக்கை எனக்குள்ளை முணுமுணுக்கிறது. நான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கேல்லை. கேட்டுக் கேட்டே பிடிச்சிருக்கிறாள். மூச்சு எடுக்கிற இடங்கூட என்னைப் போலை. ஞானாம்பிகை சீலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சுப்போட்டு, என்ன குரலப்பா, ஆர் பெத்த பிள்ளையோ எண்டா.

கைதட்டு ஓயமுன்னம் அறிவிப்புச் செய்த பெடியன் மைக்கை நீட்டி, இதை ஆரிட்டைப் படிச்சனீங்கள் எண்டான். என்ரை அம்மாட்டை எண்டாள். அவ கருவாடு போடுறவ, இஞ்சை வந்திருக்கிறா, அம்மா ஒருக்கா எழும்புங்கோ எண்டாள். ஒரு கூச்சமில்லாமல், மைக்கிலை, அத்தனை பேருக்கும் முன்னாலை.

ஓம், பெருமைதான். ஆருக்கும் பெருமைதானே. இந்தக் கடைத்தெருவிலை நிண்டு கத்திச் சொல்லலாம் போலை கிடக்கு இப்ப.

அவள் முன்வரிசையைப் பாத்தாள். அந்தக் கதிரை வெறுமனே கிடந்துது. பேந்து கண்ணுக்கு மேலை கையை வைச்சு, லைற் வெளிச்சத்துக்குள்ளாலை பின்பக்கம் தேடினாள். எழும்பினால் பக்கத்திலை இருக்கிற மனிசிக்கு என்ன சொல்லுறது? வெங்காயத்துக்கு என்ன சொல்லுறது? கால் எழும்பேல்லை பிள்ளை. அம்மா வெளியிலை போட்டா போலை எண்டு சொல்லி அவள் சிரிச்சாள். அவளுக்குச் சின்னனிலை இருந்தே அழுகை வாறதுக்கு முன்னம் உதடு ஒரு பக்கம் இழுபடும். அவ்வளவு தூரத்திலையும் எனக்குத் தெரிஞ்சுது.

சீ, எழும்பாதது பரவாயில்லை, பயத்திலை எண்டு சொல்லலாம், அவளுக்கும் சொல்லி விளங்கப்படுத்தலாம். அவள் தேடேக்கை, எங்கை அந்தத் தாய் எண்டு மண்டபத்திலை எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தவை. ஞானாம்பிகையும் பாத்தா. நானும் பாத்தனான் பிள்ளை. அவையளைப் போலை, ஆரோ ஒருத்தியைத் தேடுற மாதிரி.