இதுல நம்ம ஆளு யாரு?

மார்ச் 14, காலை 9.40. கிள்ளானில் தூறல். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போவதற்குக் கொமுட்டர் ரயிலில் ஏறி, வழக்கம்போல் நிலையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே, பக்கத்துப் பண்டமாரானைச் சேர்ந்த, முகம் பழகிய இருவர். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும்; மற்றவர் இளையவர்.

“வீட்டுல ஸ்போர்ட்ஸ் சேனல் எல்லாத்தையும் வெட்டச் சொல்லிட்டேன் லா,” என்றார் பெரியவர்.

“நீங்களா அண்ணே? ஜனவரியில பேட்மிண்டன், ஏப்ரல்ல கிரிக்கெட், ஆகஸ்ட் வந்தா இங்கிலீஷ் கால்பந்து. உங்களுக்குத் தீபாவளியே ஹாஃப் டைம்தானே!”

பெரியவர் சிரிக்கவில்லை.

“உங்க அண்ணிக்கு ஒரு ஆட்டமும் புரியாது. ஆனா பக்கத்துல வந்து உக்காந்து, ‘இதுல நம்ம ஆளு யாரு?’ன்னு கேப்பா. வருஷம் பூரா அதே கேள்வி. சும்மா இருன்னு கத்துவேன்.”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான் அண்ணே.”

“கடைசியா ஆஸ்பத்திரி வார்டுல டிவி ஓடுச்சு. டென்னிஸ். ரெண்டு வெள்ளைக்காரன். அப்பவும் கேட்டா. ‘ரெண்டு பேரும் நம்ம ஆளு இல்ல, நீ தூங்கு’ன்னேன். தூங்கினவ எந்திரிக்கவே இல்ல. யாராவது ஒருத்தனக் காட்டியிருக்கலாம் லா. இப்ப எந்த ஆட்டத்தப் போட்டாலும், நம்ம ஆளு யாருன்னு எனக்கே தெரியல.”

இளையவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் எண்ணிக்கை எங்கோ விட்டுப்போயிருந்தது. நான் இறங்க வேண்டிய நிலையத்தில் கதவு திறந்து மூடியதையும் கவனிக்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். கூடுதல் செலவு ஒரு வெள்ளி நாற்பது காசு.