கட்டை விரலுக்கு அடியில் இருந்த எண்

மேடையில் வீற்றிருக்கும் நம் லாரிக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் மாமசாலி அவர்களே! தலைவருக்குப் பக்கத்தில், வழக்கமாக நம் மதகுரு மோல்தோ அமர்ந்து பிரார்த்தனை ஓதும் நாற்காலியில், இன்று எதனாலோ அமர்ந்திருக்கும் டயர் வியாபாரி எர்கின்பாய் அவர்களே! அதனால் இரண்டாவது வரிசைக்குப் போய்விட்ட மோல்தோ அவர்களே! தாயை இழந்து நிற்கும் தம்பி தீலெக்! நரின் ஆற்றின் இரு கரையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என்னோடு நிலக்கரி ஏற்றிக் கணவாய் கடக்கும் ஓட்டுநர் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுயுனின் சலாம்.

நம் சங்கத்தின் தொழில்நுட்ப ஆய்வாளர், பொறியாளர் புருல்சுன் அவர்கள் நம்மைப் பிரிந்து இன்று நாற்பதாம் நாள். பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அழைத்த தலைவர் கூடவே ஒன்று சொன்னார். "சுயுன், ரெண்டு நிமிஷம் போதும். நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடு."

இரண்டு நிமிடம் எதற்கு? முப்பது ஆண்டுகள் நம் வாயிற்கதவில் நின்றவருக்கு இரண்டு நிமிடமா? எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும், நான் உட்காரப் போவதில்லை.

அடக்கம் செய்த அன்று, மோல்தோ நம் வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "இவங்க எப்படிப்பட்டவங்க?" நாம் எல்லோரும் வழக்கப்படி "நல்லவங்க" என்றோம். அந்தக் கூட்டத்தில் மிக உரக்க ஒலித்த குரல் யாருடையது? எர்கின்பாய் அவர்களுடையது! பக்கத்து மலையில் மேய்ந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன. எனக்கு அப்போதே உறுத்தியது. புருல்சுன் அக்காவால் மட்டும் எழுந்து உட்கார முடிந்திருந்தால், "நான் நல்லவன்னு எப்படித் தெரியும்? சோதிச்சுப் பார்த்தீங்களா?" என்று அத்தனை பேரையும் கேட்டிருப்பார்.

ஏனென்றால் அவர் எதையும் நம்பாதவர். இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அவரைச் 'சந்தேகப் பிசாசு' என்று அழைத்தவர்கள்தானே? இல்லை என்று தலையாட்டாதே, ஜும்காபெக், நீ வண்டியின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாய்! கல்யாணத்தன்று மாப்பிள்ளை அனுப்பிய காரின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அக்கா ஏறினாராம். பொறியாளர் பட்டம் வாங்கியவர். அதை ஒரு நாளும் நம்மை மறக்க விட்டதில்லை. "நான் படிச்சவ, நீ ஓட்டறவன், நகரு" என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறோம்! அடக்கமானவர் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தலைக்கனம் பிடித்தவர். ஆனால் அவர் கையசைத்து அனுப்பிய எந்த வண்டியும் டயர் வெடித்துக் கணவாயில் நின்றதில்லை.

ஒரே ஒரு முறை அவர் விடுப்பில் இருந்தார். அன்றுதான் நம் ஷார்ஷென் போனான். பனி விழுந்த மறுநாள். பின்சக்கரம் வெடித்து, வண்டி சாலையை விட்டு இறங்கி, பள்ளத்தாக்கில் போய்க் கிடந்தது. விசாரித்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்றார்கள். காலை பத்து மணிக்குத் தூங்கினானாம்! அக்கா நம்பவில்லை. பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கினார். கிழிந்த டயரைத் தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். அதை நம் வாயிற்கதவில் தொங்கவிட்டார். வெளியே போகிற ஒவ்வொருவனும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

அந்த டயரின் பக்கச் சுவரில் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்ந்த கோடு. நாம் எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்ப்போம். பெரிய எண் அல்லவா? அந்த எண்ணுக்கு எத்தனை கிலோ என்று அட்டவணையில் பார்த்து, பின்னால் இருக்கிற எட்டு டயரால் பெருக்கி, "தாங்கும்டா" என்று கிளம்பிவிடுவோம். ஷார்ஷெனும் அப்படித்தான் கிளம்பினான். முதல் எண் தனியாக நிற்கும் சக்கரத்துக்கு, இரண்டாவது எண் ஜோடியாக நிற்கும் சக்கரத்துக்கு என்று அக்கா தொண்டை கிழியச் சொன்னார். நமக்கு ஏறியதா? நாம் மலைக்காரர்கள். இரண்டு பேர் சேர்ந்தால் பலம் கூடும் என்றே வளர்ந்தவர்கள். நானே எதிர்வாதம் செய்தேன்.

"ஏக்கா, ஜோடி சேந்தா பலம் கூடத்தானே செய்யணும்? இதுல மட்டும் எப்படிக் குறையும்?"

"போன வாரம் நீயும் உன் மச்சானும் பீரோ தூக்குனீங்களே, என்ன ஆச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க! அவன் சும்மா கையை வச்சுக்கிட்டு வந்தான். மொத்தப் பாரமும் எம்மேல."

"அதேதான்டா! பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு டயர்ல ஒண்ணு கையை வச்சுக்கிட்டு வரும். இன்னொண்ணு சுமக்கும். கல்லு மேல ஏறுறப்போ யார் சுமக்கறான்னு உனக்குத் தெரியுமா? நடுவுல காத்தும் போகாது, சூடு ஏறும். அதனாலதான் ஜோடிக்குக் குறைச்சுப் போட்டிருக்கான். தொழிற்சாலைக்காரனுக்கு உன் மச்சானை முன்னமே தெரிஞ்சிருக்கு."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து இரண்டாவது எண்ணைப் பார்க்காமல் நான் சாவியைத் திருப்பியதில்லை.

இந்த இலையுதிர் காலத் தொடக்கத்தில் எர்கின்பாய் அவர்கள் புது டயர் கொண்டுவந்தார். விலை மலிவு. பளபளப்பு. தலைவருக்கு ஒரே மகிழ்ச்சி. முற்றத்தில் ஒரு டயரை நிறுத்தி, எண்ணைச் சுட்டிக்காட்டி எர்கின்பாய் பேசினார். "பாருங்க தலைவரே, ஒரு டயர் மூவாயிரத்து ஐந்நூத்தி ஐம்பது கிலோ தாங்கும். எட்டு டயர். இருபத்தெட்டு டன்னுக்கு மேல! உங்க வண்டிக்குப் பின்னாடி விழற பாரம் இருபத்தஞ்சு. இன்னும் என்ன வேணும்?"

பேசும்போது அவர் கை எங்கே இருந்தது? நான் பார்த்தேன். சுட்டு விரல் முதல் எண்ணில். கட்டை விரல் இரண்டாவது எண்ணின் மேல்! நகர்ந்து நகர்ந்து பேசினார், டயரைத் தட்டினார், சுழற்றினார். அந்தக் கட்டை விரல் மட்டும் இடம் மாறவில்லை. அக்கா வந்தார். அந்தக் கையையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கட்டை விரலை எடுங்க."

எடுத்தார். அட்டவணைப்படி ஜோடிச் சக்கரத்துக்கு மூவாயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ. எட்டு டயருக்கு இருபத்தாறு டன்.

"அதனால என்ன? இருபத்தஞ்சுதானே நம்ம பாரம். அப்பவும் ஒரு டன் மிச்சம் இருக்கே!" என்றார் தலைவர்.

"அது காஞ்ச கரி தலைவரே. நாம எடை போட்டா ஏத்தறோம்? பெட்டி நிறைஞ்சா கிளம்பறோம். பனி பெஞ்ச மறுநாள் அதே பெட்டி, அதே கரி, ஈரம் ஏறிப் பின்னாடி மட்டும் இருபத்தேழைத் தாண்டுது. நான் தானியக் கிடங்கு எடைமேடையில நிறுத்திப் பார்த்துட்டேன். ஷார்ஷென் பனி பெஞ்ச மறுநாள்தான் போனான். இதுக்கு அடுத்த தர டயர் வேணும். விலை கூடத்தான். வாங்குங்க."

எர்கின்பாய் அப்போதும் விடவில்லை. அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். டயர் விற்க வருகிற எவரும் அந்த டயர் மாட்டிய முதல் வண்டியில், முழுக் கரியோடு, ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து கணவாய் ஏறி இறங்க வேண்டும். ஓஷ் நகரத்து வியாபாரி ஒருவர் அப்படி ஏறினார். வழி நெடுக வாந்தி எடுத்தார். ஆனால் இறங்கி வந்து, முகம் கழுவி, எண்ணெயில் பொரித்த போர்சோக் தின்று, விற்றுவிட்டுப் போனார். அவர் டயரில்தான் நான் இன்றும் ஓடுகிறேன். எர்கின்பாயையும் அக்கா ஏறச் சொன்னார். அவருக்கு முதுகுவலியாம். டயர்களைக் கதவுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் போனார். அக்கா உள்ளே விடவில்லை.

பிறகு அக்கா போய்விட்டார். தோழர்களே, இதில் என்னைத் தவறாக நினைக்காதீர்கள். எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற நான் அவருடைய மரணத்தில் சந்தேகப்படவில்லை. இதயம் நின்றது. மருத்துவர் சொன்னார், மகன் பக்கத்தில் இருந்தான். என் சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான்!

நாம் எல்லோரும் கல்லறையில் மண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே கிடந்த டயர்கள் கதவுக்கு உள்ளே எப்படி வந்தன? கால் முளைத்து நடந்தனவா? வாயிற்கதவில் தொங்கிய ஷார்ஷெனின் டயர் எங்கே போனது? யார் எடுத்தது?

யாரது, கிடங்கு பார்க்கிற அக்மாத்தா? எழுந்து சொல்லு, எல்லோருக்கும் கேட்கட்டும்.

"தலைவர்தான் எடுக்கச் சொன்னாருண்ணே. துக்கத்துக்கு வர்றவங்க கண்ணுல பட்டா அசிங்கமா இருக்கும்னாரு."

கேட்டீர்களா? அசிங்கமாம்! சரி, அடுத்தது. புது டயர்களை முதன்முதலில் யாருடைய வண்டிக்கு மாட்டியிருக்கிறார்கள்? அக்காவின் மகன், நம்மோடு வண்டி ஓட்டும் தீலெக்கின் வண்டிக்கு. நாளைக் காலை முதல் நடை அவனுக்கு. தலைவர் இதை அம்மாவுக்குச் செய்கிற மரியாதை என்கிறார். மரியாதையா இது? புருல்சுன் மகனே அந்த டயரில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு நம்மில் எவன் வாய் திறந்து முடியாது என்பான்? இன்று விடியலில் கணவாயில் பனி விழுந்திருக்கிறது. நாளை ஏற்றப் போவது ஈரக் கரி. நாற்பது நாள் முன்பு தாயைப் புதைத்த பிள்ளையை அதில் ஏற்றி அனுப்புகிறோம்.

கடைசியாக ஒன்று. இன்று நாம் உண்டது யார் கொண்டுவந்த குதிரை? எர்கின்பாய் கொண்டுவந்த குதிரை. கொழுத்த குதிரை. துக்க வீட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் வழக்கம். அது அவருக்கும் தெரியும். கறியைத் தின்றவன் கொடுத்தவரோடு சண்டைக்கு நிற்க மாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும். நானும் இரண்டு தட்டு தின்றேன், மறைக்கவில்லை. ருசியாகவே இருந்தது.

ஆனால் எர்கின்பாய் அவர்களே, நம் வழக்கத்தில் இன்னொரு பாதியும் உண்டு. குதிரை கொண்டுவந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மேலங்கி போர்த்தி அனுப்ப வேண்டும். இதோ, என் மனைவி தைத்த அங்கி. உள்ளே ஆட்டு ரோமம் வைத்தது. எழுந்திருங்கள், போர்த்துகிறேன். நன்றாகப் பொருந்துகிறது. கணவாயின் குளிருக்கு இது போதும். ஏன் பின்னால் போகிறீர்கள்? நாளைக் காலை தீலெக்கின் வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் நான் இருக்கிறேன். அவன் இறங்கிக்கொள்ளட்டும். பக்கத்து இருக்கை உங்களுக்கு. நீங்கள் விற்ற டயர். முழுப் பெட்டி. ஈரக் கரி. இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். வருகிறீர்களா?

அமைதியாக இருங்கள், தோழர்களே, அவர் பேசட்டும்.

"வர மாட்டேன்னு யார் சொன்னா? வர்றேன். ஆனா... காலி வண்டின்னா வர்றேன்."

காலி வண்டி என்றால் வருகிறாராம்! பின்வரிசையில் கேட்டதா? தலைவரே, உங்களுக்குக் கேட்டதா? அவருடைய டயரைப் பற்றி அவருக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளாக அந்தக் கட்டை விரலுக்கு அடியில் இருந்தது இதுதான். இப்போது அவரே விரலை எடுத்துவிட்டார்.

தீலெக், நீ ஏன் எழுந்து வருகிறாய்? வா தம்பி, மேலே வா. மேஜையில் வை. எல்லோரும் பார்க்கட்டும்.

அவனுடைய வண்டிச் சாவி. தலைவர் அவர்களே, அதைத் தொடாதீர்கள். தொடுவதற்கு முன் இங்கே திரும்பிப் பாருங்கள். ஜும்காபெக் எழுந்து வருகிறான். அவன் கையிலும் சாவி. அவனுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர்! அடுத்த தர டயர் வரும் வரை, ஜோடி எண்ணைப் பார்த்து, ஈரக் கரியை எடைமேடையில் நிறுத்துத் தேர்ந்தெடுத்த டயர் வரும் வரை, இந்தச் சாவிகள் இந்த மேஜையிலேயே கிடக்கும். அக்மாத், ஷார்ஷெனின் டயரை எங்கே போட்டாயோ அங்கிருந்து இப்போதே எடுத்து வா. அது இருந்த இடத்தில் தொங்க வேண்டும். இது இந்த மண்டபத்தின் உறுதிமொழி. இதில் கையெழுத்து வேண்டாம், சாவிகள் போதும்.

புருல்சுன் அக்கா! அன்று கல்லறையில் உங்களை நல்லவர் என்று சொன்னோம். வழக்கத்துக்காகச் சொன்னோம். இன்று சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம். நாளைக் காலை, வழக்கமாக வண்டிகள் கிளம்புகிற நேரத்தில், உங்கள் மகன் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். என்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்காது, தெரியும். அதனால் அவன் வீட்டு வாசலிலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன்.