எரித்த கோலியஸ்

— பெட்டியக் கீழ வை, கும்-சுன். நாளைக்கு லாரி வராது. நான்தான் போன் போட்டு வேண்டாம்னுட்டேன்.

— நீங்க யாரு அதச் சொல்ல? ஊரை விட்டுக் கெளப்புறதும் தலைவரு, நிறுத்துறதும் தலைவரா?

— போகச் சொல்லல. பூச்செடியத்தான் எரிக்கச் சொன்னேன்.

— விடியக் காலையில, ஊர் ஒலிபெருக்கியில! ‘தேகு பட்டணத்துலேர்ந்து வந்த பொம்பளையோட கோலியஸ் செடியிலேர்ந்துதான் நாம சாப்பாட்டுக்கு வளக்குற கேன்னிப் இலைக்கு அடிச்சாம்பல் நோய் தொத்திக்கிச்சு’ன்னு. பல்லு வெளக்கிட்டிருந்தேன். வாயில நுரையோட வெளிய ஓடியாந்தேன்.

— இந்தா, ஆராய்ச்சிக்காரங்க காகிதம். எனக்கு எழுத்து வராது, மருமவதான் படிச்சா.

— உங்க வாயாலயே சொல்லுங்க. ஊருக்கே சொன்ன வாயிதானே.

— ரெண்டும் அடிச்சாம்பல்தான். கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும். மரபணுவப் பிரிச்சுப் பாத்தா வேற வேற கிருமியாம். ஒன் செடியோடது கேன்னிப் இலையில தொத்தவே தொத்தாதாம்.

— நம்புறீங்களா? படிச்சவன் சொன்னா மழை பெய்யுதுன்னு கூட நீங்க நம்ப மாட்டீங்களே.

— நம்பாமத்தான் சோதனைக்குக் குடுத்தேன். எரிக்கிறதுக்கு முந்தியே, இலையில்லாம சாம்பலை மட்டும் சுரண்டி எடுத்து, ஒன்னோடதை என்னோடதுன்னு சொல்லி மாத்திக் குடுத்தேன். பயலுக கண்டுபிடிச்சுட்டானுங்க.

— முந்நூறு தொட்டி, தலைவரே. டீசல் ஊத்தினது நீங்க. கொளுத்தினது நான். ‘ஒன் கையாலயே பத்த வை, அப்பத்தான் ஊரு நம்பும்’னீங்க.

— இன்னும் இருக்கு, கேளு. நீ நாலு நாத்துப் பண்ணையில வாங்கினவ. ஒன் செடியில கிருமி மூணு நாலு வம்சமாக் கலந்து கெடக்காம். எங்க ஊரு பதினோரு பிளாஸ்டிக் குடில்லயும் ஒரே வம்சம். கொஞ்சம்கூட மாத்தமில்ல. ஒரே எடத்து விதையில வந்தாத்தான் அப்படி இருக்குமாம்.

— ஊருக்கே விதை எடுத்து வச்சுக் குடுக்குறது...

— என் வீடு. அப்பன் காலத்துலேர்ந்து. நாளைக்கு ஊரே என் வாசல்ல துப்பும்.

— துப்பட்டும். எனக்கு மட்டும் மாலையா போட்டாங்க? ஆறு மாசமா இலை பறிக்க ஒரு வீட்டுலயும் கூப்பிடல. ஒருத்தர் குடில்ல ஒருத்தர் மாறி மாறிப் பறிக்கிற ஊரு. என் கை மட்டும் மடியில கெடந்துச்சு.

— பேசு. இன்னும் திட்டு.

— போதும், தொண்டை வலிக்குது. விதைக்குள்ள இருக்குறது யாரு கண்ணுக்குத் தெரியும்? மறைக்காம வந்து சொன்னீங்களே. உக்காருங்கண்ணே.

— அண்ணேன்னு கூப்பிடாத.

— கூப்பிடுவேன். காலையில ஒலிபெருக்கியில இதை அப்படியே சொல்லுங்க, நானும் பக்கத்துல வந்து நிக்கிறேன். தெரியாமச் செஞ்ச தப்புக்கு யாரும் ஊரை விட்டுப் போக வேணாம். நீங்களும் வேணாம், நானும் வேணாம். இருங்க, மக்கொல்லி அரிசிக்கள்ளு கொஞ்சம் இருக்கு.

— ஊத்தாத. குடிச்சேன்னா சொல்லாமயே எந்திரிச்சுப் போயிடுவேன்.

— இன்னும் என்னண்ணே பாக்கி?

— ஒன் செடி வண்டியிலேர்ந்து எறங்கின அன்னிக்கு, என் குடில்ல இலைக்கடியில சாம்பல் பூத்திருந்ததை நான் பாத்துப் பத்து நாள் ஆயிருந்துச்சு, தங்கச்சி.