கைப்பிடி இல்லாத படிக்கட்டு

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி. மூன்றரை மணிக்கு மேல் அங்கே வெயில் வந்துவிடும்; கண் கூசும், எழுத முடியாது. இப்படித் தூணோரமாக வந்துவிடுங்கள். முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து உட்கார்ந்தவள் நான். தைரியமாக நம்பலாம்.

திரைச்சீலை ஏன் இல்லை என்றுதானே கேட்டீர்கள்? என் கணவருக்கும் திரைச்சீலைக்கும் ஏழாம் பொருத்தம். "வீடு பொய் சொல்லக் கூடாது" என்பது அவர் வேதம். சுவருக்குப் பூச்சு பொய், மரத்துக்குப் பெயிண்ட் பொய், ஜன்னலுக்குத் திரை பொய். உலகத்துப் பெரிய ஆர்க்கிடெக்டுகள் எல்லாம் பூவேலையையும் வளைவையும் கழற்றி எறிந்தார்கள் என்றால், இவர் அவர்கள் விட்டுவைத்ததையும் கழற்றினார். இங்கே அலமாரிக் கதவுக்குப் பிடி கிடையாது, அழுத்தினால்தான் திறக்கும். கழிவறை எங்கே என்று தெரியாமல் ஒரு மந்திரி இந்தச் சுவர் முழுக்க அழுத்திக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

உள்ளே படுக்கையறையைப் பார்த்திருப்பீர்கள். அது கட்டில் இல்லை, தரையோடு சேர்த்து வார்த்த கான்கிரீட் மேடை. எதிரே மேற்குப் பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி, திறக்க வழியில்லை. வெளிச்சமும் ஒரு கட்டுமானப் பொருள்தான் என்பார். சாயங்கால வெயில் மேடையின் கால்மாட்டில் தொடங்கி, மெல்ல ஏறித் தலைமாட்டுக்கு வரும். அதைப் படம் எடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

இந்தப் படிக்கட்டையும் எடுத்தார்கள். சுவரிலிருந்து நீளும் பதினான்கு பலகை, அவ்வளவுதான். கைப்பிடி இல்லை, கம்பி இல்லை. காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது, இல்லையா? "பயப்படுறவனுக்குத்தான் கைப்பிடி வேணும்" என்று மேடைக்கு மேடை பேசிக் கைதட்டு வாங்கினார்.

எங்கள் மகள் சிட்டு ஏழாவது படியிலிருந்து விழுந்தாள். மூன்றரை வயது. கையில் ஒரு சாக்பீஸ் வைத்திருந்தாள். அது உடையக்கூட இல்லை.

பதினாறாம் நாள் தச்சரை வரவழைத்தேன். அளவெடுக்க அவர் குனிந்தபோது என் கணவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"வேணாங்க. இனிமே யாருக்கு?"

தச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த இரண்டு வார்த்தையை நான் விழுங்கினேன், தம்பி. விழுங்கினேனே தவிர, செரிக்கவில்லை. அந்த வருடமே அவருக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். திரையில் இந்தப் படிக்கட்டை ஆளுயரத்துக்குக் காட்டினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "நீங்க குடுத்து வச்சவங்க" என்றார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை. இருபத்தொன்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டேன், சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், அவர் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்து கோப்பில் போட்டேன். மனதுக்குள் வெறுப்பு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வயிறெரிந்துகொண்டேதான் பரிமாறினேன். அதைப் பூசி மெழுக விரும்பவில்லை.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. நல்ல வெயில் காலம். "வெப்பம் படக் கூடாதும்மா, தண்ணி நிறையக் குடுங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

காலை முதல் இரண்டு மணி வரை ஒரு நர்ஸ் பெண் வந்தாள். நல்ல பெண், கைராசிக்காரி. முதல் நாளே, "பக்கத்து ரூம்ல மெத்தை போட்டுடலாம்மா, இங்க சாயந்தரம் வெந்துடுவார்" என்றாள். ஐயா தன் மேடையைத் தவிர எங்கும் படுக்க மாட்டார் என்றேன். அது பொய் இல்லை. மறுநாள் அவளே ஒரு போர்வையைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டியதும் உரித்து, மடித்து வைத்துவிட்டேன். பசைக் கறை கண்ணாடியில் இருக்கக் கூடாது என்பதால் துடைத்தும் விட்டேன்.

தண்ணீர்க் கூஜாவை அலமாரிக்குள் வைத்தேன். மேசைமேல் எந்தப் பொருளும் கண்ணில் படக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம், நான் போட்டதில்லை. அழுத்தினால் திறக்கும் அலமாரி. கை எட்டினால் திறந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் இடது கையால் எழுத ஆரம்பித்தார். முதலில் 'திரை' என்று எழுதினார். நான் தட்டச்சு செய்த கோப்பை எடுத்து வந்து, திரைச்சீலையைப் பற்றி அவர் பேசிய பேச்சை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினேன். நல்ல பேச்சு. பிறகு 'தண்ணி' என்று எழுதினார். அதைப் பற்றி அவர் எங்கும் பேசியதில்லை, அதனால் படிக்கட்டுப் பேச்சை வாசித்தேன். ஆறாம் நாளிலிருந்து ஒரே சொல்தான், 'சிட்டு'. வெயில் அவர் முகத்துக்கு வருகிறவரை எழுதுவார். நான் இதோ இந்தத் தூண் நிழலில் உட்கார்ந்திருப்பேன். கதவே இல்லாத அறை, இங்கிருந்தே தெரியும். தன் வினை தன்னைச் சுடும் என்று சொல்லிக்கொண்டேன்.

காலையில் அந்தப் பெண் வந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்துத் தேற்றுவாள், சாயங்காலம் வீடு அதை வாங்கிக்கொள்ளும். பதினோராம் நாள் ஐந்தேகாலுக்கு முடிந்தது. தடுக்கக் கூடியவள் நான் ஒருத்திதான், தடுக்கவில்லை. கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவர் எழுதிய தாள்களைக் குப்பையில் பார்த்துவிட்டு அந்தப் பெண் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. கைப்பிடி வைக்காதவனுக்கு நான் கை கொடுக்கவில்லை. கணக்கு சரி.

அதென்ன, சுருள்? அவர் மேசை அடியறையிலா இருந்தது? கொடுங்கள். ஜாக்கிரதை, பழைய டிரேசிங் தாள், மடிந்தால் உடையும்.

ஆமாம், இந்தப் படிக்கட்டுதான். அப்போது நான் அவர் அலுவலகத்தில் வரைவாளர், இருபத்துநாலு வயது. அவர் பென்சிலில் போட்டுக் கொடுப்பார், நான் மையில் ஏற்றுவேன். தப்பு விழுந்தால் ரப்பர் கேட்காது. பிளேடால்தான் சுரண்ட வேண்டும்.

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், அது சுரண்டிய தடம்தான். அவர் போட்ட படத்தில் கைப்பிடி இருந்தது. மையில் ஏற்றிவிட்டுப் பார்த்தேன். கோடு பாரமாக இருந்தது. சுரண்டி எடுத்தேன். அவர் வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். "இது எப்படி எனக்குத் தோணல?" என்றார். ஆறு மாதத்தில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கு முன் என்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை, தம்பி.

ஓரத்தில் பென்சிலில் இருப்பது அவர் கையெழுத்துதான். 'சிட்டு தவழ ஆரம்பித்துவிட்டாள். கைப்பிடியைத் திரும்ப வரை. தச்சரிடம் கொடுக்கலாம்.' தேதியும் போட்டிருக்கிறார். வரைந்தேன். இரண்டு நாள் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், தாள் எவ்வளவு மெலிந்திருக்கிறது. இரண்டு தடவை சுரண்டினால் அப்படித்தான் ஆகும். கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டு எஜமானர், உலகமே கேட்கிற வாய், அன்றைக்கென்று மூடிக்கொண்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் குழந்தை இன்றைக்கு இருந்திருப்பாள்.

சுரண்டியது என் கை, மறுக்கவில்லை. ஆனால் பிளேடு அவருடையது, தம்பி. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.