கொயினா எடுத்த ஆளு

இல்ல பாய், போலீஸ் உடுப்புல வந்திருக்கேன்னு எந்திரிக்காதீங்க. உங்களப் பிடிக்க வரல. உக்காருங்க மைதீன் பாய். கோப்பி இல்லாட்டி வெறும் சுடுதண்ணி குடுங்க, போதும்.

ஆமா, நீங்க கேள்விப்பட்டது நெசந்தான். பண்டார் ஹிலிர்ல ஜப்பான்காரன் மருந்து ஸ்டோர்ல, மலேரியாக் காச்சலுக்குக் குடுக்குற கொயினா மாத்திரை காணாமப் போச்சு. வாசல்ல காவல் நிக்கிற போலீஸ்காரன் நான். அதனால ஜப்பான்காரன் என்னையே கூப்பிட்டு, பொழுது சாயறதுக்குள்ள திருடனக் கொண்டான்னுட்டான். இல்லாட்டி ஸ்டோரப் பெருக்குற பொம்பளைங்க அத்தன பேரையும் இழுத்துட்டுப் போயிடுவானாம். போனவங்க திரும்பி வந்ததா நீங்க கேட்டிருக்கீங்களா?

திருடன எப்படிக் கண்டுபிடிக்கிறது, சொல்லுங்க? முன்ன இருந்த வெள்ளக்காரத் தொர, காதைப் பாரு, தாடையப் பாருன்னுவாரு. திருட்டு ரத்தத்துலயே ஊறுனதாம், பொறக்கும்போதே மூஞ்சில எழுதியிருக்குமாம். புஸ்தகத்துல படங்கூட காட்டுனாரு. அதுல ஒருத்தன் காது அச்சு அசலா என் காது. சிரிக்காதீங்க பாய். அன்னிக்கு முழுக்கத் தொப்பிய இழுத்து விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

எங்க ஸ்டேஷன் ராஜரத்தினம் சார்ஜன் அத ஒத்துக்க மாட்டாரு. வயிறு காஞ்சா எவன் கையும் நீளும்டா கருணாகரான்னுவாரு. அதுவும் எனக்கு முழுசாப் படல. இப்ப ஊரே மரவள்ளிக் கிழங்கத் தின்னுக்கிட்டுக் கெடக்கு. எல்லாருமா திருடுறாங்க? திருடாதவன எது புடிச்சு நிறுத்துது? அத எந்தத் தொரையும் கேட்டதில்ல.

வெள்ளக்காரன் இருந்தப்ப லண்டன் ரேடியோ கேட்டா பெரிய மனுஷன். இப்ப கேட்டா தல போவும். அதே பெட்டி, அதே சேதி. சரி, அந்தக் கொயினாதான் யாருது? நம்ம சனத்துக்குன்னு ஆஸ்பத்திரியில இருந்தது. லோரி லோரியா அள்ளிட்டு வந்து பூட்டுப் போட்ட ஜப்பான்காரன் அதிகாரி. அதுல ஒரு பிடி எடுத்த ஆளு திருடன். எனக்கு ஒன்னும் வெளங்கல பாய்.

ஓடிரவா? எங்க ஓடுறது? புக்கிட் ரம்பாய் தாண்டறதுக்குள்ள பிடிச்சிருவான். நான் ஓடுனா மொத ஆளா என் வீட்டுக்காரியத்தான் இழுப்பான். அவளும் அங்கதானே பெருக்குறா.

கண்டுபிடிச்சிட்டேன் பாய், கண்டுபிடிச்சிட்டேன். என் வீட்டுக்காரி சாரதாதான். கொண்டைக்குள்ள வச்சு முடிஞ்சு, என் முன்னாடியே நடந்து வந்திருக்கா. ஏண்டின்னு கேட்டேன். மைதீன் பாய் வீட்டுக்காரி ரஹீமாவுக்குக் காச்சல்ல பல்லு கிட்டிப் போச்சு, நான் பாத்துக்கிட்டு நிக்கவான்னா. அவ்வளவுதான் சொன்னா. அடுப்ப ஊதப் போயிட்டா.

அழாதீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், நாட்டு மருந்துன்னு சொல்லித்தான் குடுத்திருப்பா. தங்கச்சி ரஹீமாவுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும், கொயினாக் கசப்ப நாக்குகிட்ட மறைக்க முடியுமா? இப்ப கஞ்சி குடிக்குதா? எந்திரிச்சு உக்காருதா? அல்லா காப்பாத்துனாரு.

நான் இப்படியே நடந்து போயி, காவலுக்கு நின்ன நாந்தான் எடுத்தேன்னு சொல்லப் போறேன். நம்புவான் பாய். அவனுக்கு வேண்டியது ஒரு ஆளு. வேணாம், கையப் புடிக்காதீங்க, பொழுது எறங்குது. சாரதாகிட்ட நான் சொல்லல. சொன்னா எனக்கு முன்னாடி அவ ஓடிப்போயி நிப்பா. ஏதாவது சாக்கு சொல்லி இங்க கூப்பிட்டு வச்சுக்குங்க.

இந்தத் தெரு வழியாத்தான் என்னக் கட்டி இழுத்துட்டு வருவாங்க. அப்ப ரெண்டு பேரையும் உள்ள வச்சுக் கதவப் பூட்டிருங்க. சாரதாகூட வாயக் கட்டிருவா பாய். தங்கச்சி வெள்ளந்தி. அண்ணேன்னு ஒரு சத்தம் போட்டுச்சுன்னா போதும், மாத்திரை எந்த வீட்டுக்குப் போச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்.